கலர் மாஸ்டரின் கௌரவப் பிரச்சினை

ஊவா மாகாணத்தில் கலர் மாஸ்டரைப் போல எரிச்சலூட்டும் மனிதர் இன்னொருவர் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் இருவருக்கும் சண்டை மூண்டு பதுளையும் பண்டாரவளையும் தனித்தனி நாடாகியிருக்கும். அந்த மனிதருடைய வறட்டுக் கௌரவத்தால்தான் என் மகள் தர்ஷினி இன்று உயிரோடு இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை உங்களைப் பதற்றத்தில் வைத்திருக்கும் தெம்பு எனக்கு இல்லை. மழை தூறினாலே இன்னும் எழுந்து சுவர்களைத் தடவிப் பார்க்கிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பூனாகலையில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, இளவயதில் கொழும்பில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துவிட்டு, பண்டாரவளைக்குத் திரும்பிக் கடை போட்டவர். வண்ணக் கண்ணாடித் துண்டுகளை வெட்டி, ஈயப் பட்டிகளுக்குள் செருகி, பட்டிகளைப் பற்றவைத்துச் சித்திர ஜன்னல் செய்வது தொழில். வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய தேவாலயங்களும் பங்களாக்களும் எங்கள் மலைகளில் நிறைய. அவற்றின் ஜன்னல் உடைந்தால் இவரைத்தான் கூப்பிட வேண்டும். வேறு ஆள் இல்லை. அது அவருக்கும் தெரியும் என்பதுதான் பிரச்சினை.

நிறங்களுக்கு உலகம் வைத்திருக்கும் பெயர்களை அவர் ஒப்புக்கொள்வதில்லை. மஞ்சள் என்று ஒன்று கிடையாது. இஞ்சி பிளேன்டீ நிறம், பால் டீ நிறம், ஆறிப்போன டீ நிறம்தான் உண்டு. சிவப்பு என்று சொன்னால், "அப்புத்தளை ஸ்டேசன் சிக்னலா, குங்குமமா, தெளிவாச் சொல்லுங்க" என்பார். எந்தத் துண்டையும் வெயிலில் பிடித்துப் பார்க்காமல் வெட்டமாட்டார். எங்கள் மலைகளின் வெயிலை நம்பி வேலை செய்பவர் ஒரு ஜன்னல் முடிக்க எவ்வளவு காலம் எடுப்பார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பனிமூட்டத்தில் யாராவது அவசரப்படுத்தினால், "எனக்கிட்டச் சொல்லி என்ன செய்ய? மேல சொல்லுங்க" என்று கூரையைக் காட்டுவார்.

ஒரு தோட்டத்துச் சிற்றாலயத்துக்கு நல்ல மேய்ப்பர் ஜன்னல் கேட்டிருந்தார்கள். ஆலயத்து ஃபாதர் போய்ப் பார்த்தபோது மேய்ப்பரைச் சுற்றித் தாடி வைத்த வெள்ளாடுகள் நின்றன.

"என்ன மாஸ்டர் இது, செம்மறி ஆடல்லவா கேட்டேன்?"

"செம்மறி ஆட்ட நான் கண்ணால பாத்ததில்ல ஃபாதர். பாக்காதத வெட்டமாட்டேன்."

"வேதத்தில் தீர்ப்பு நாளன்று வெள்ளாட்டை இடது பக்கம் ஒதுக்கிவிடுவார்கள், தெரியுமா?"

"அப்ப அதுகளுக்குத்தானே ஃபாதர் மேய்ப்பர் அவசரமா வேணும்."

ஃபாதர் அப்படியே பொருத்தச் சொல்லிவிட்டாராம்.

ஜன்னலைப் பொருத்தியதோடு அவருடைய தொல்லை ஓய்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் அவரை அறியாதவர்கள். கட்டிக் கொடுத்த பெண்ணைப் பார்க்க வரும் தகப்பனைப் போல வருவார். வீட்டுக்காரரை விசாரிக்க மாட்டார். கொடுத்த தேநீரைக் குடிக்க மாட்டார். நேரே ஜன்னலிடம் போய் விரலால் தடவி, தூசியை நம் முகத்துக்கு நேரே நீட்டுவார். அவர் சைவம். ஆனாலும் ஒருமுறை ஞாயிறு பூசைக்குப் போய், தன் ஜன்னல் பின்சுவரில் இருந்ததால், பீடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டியபோது, "சாமி பேசறத காதால கேக்குறேன். கண்ணு சும்மாதானே இருக்கு" என்றாராம்.

இப்படிப்பட்டவரை என் வீட்டுக்குள் விட்டது நானேதான்.

எங்கள் வீடு அப்புத்தளைக்குக் கீழே, தேயிலை மலையை ஒட்டிய சரிவில் இருந்தது. கணவருக்குக் கொழும்பில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். நான் பாடசாலை ஆசிரியை. ஏ.எல். எனும் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளுடைய அறை மலைப்பக்கம் இருந்தது. அவளுடைய கட்டில் மலைப்பக்கச் சுவரை ஒட்டி, ஜன்னலுக்குக் கீழே. அறை இருட்டாக இருக்கிறதே, ஜன்னலுக்கு மேலே வெளிச்சம் வர ஒரு கண்ணாடி போடலாம் என்று அவரிடம் போனேன்.

"வெறும் கண்ணாடின்னா ஹாட்வெயார்ல வாங்குங்க டீச்சர். என்னைக் கேவலப்படுத்தாதீங்க."

அவர் தேயிலைப் பூ செய்தார். வெள்ளை இதழ்கள், நடுவில் இஞ்சி பிளேன்டீ. பூக்க விட்டால் கொழுந்து குறையும் என்று தோட்டத்தில் ஏசுவார்களே என்று கேட்டேன். "அதனாலதான் ஆரும் சரியாப் பாத்ததில்ல" என்றார். அழகாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வாரந்தோறும் வருவார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் பூவின் இதழ் ஒன்றில் கீறல் விழுந்திருந்தது.

"அம்மா, மாஸ்டருக்குச் சொல்லிறாதீங்க" என்றாள் தர்ஷினி. "வந்து விசாரண வைப்பாரு."

சொல்லவில்லை. அவராகவே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவருக்கு ஏதோ மணத்துவிட்டது.

"யாரு அடிச்சது?"

"யாரும் அடிக்கல மாஸ்டர்."

"ஈயம் வளஞ்சு குடுக்கும் டீச்சர். கண்ணாடியக் காப்பாத்தும். என் கண்ணாடி தானா வெடிக்காது. பாப்பா, பந்து வெளையாடினியா?"

"மாஸ்டர், நான் ஏ.எல். படிக்கிறேன். பந்து வெளையாட நேரமிருந்தா தூங்குவேன்."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றிப் போய், இதழை மாற்றிக்கொண்டு வந்து பொருத்தினார். சில நாட்களில் புது இதழும் அதே இடத்தில் வெடித்தது. இந்த முறை நான் பயந்துகொண்டே போனில் சொன்னேன். போனை வைத்துவிட்டார். அவர் வாழ்க்கையில் யாரும் அவரை இவ்வளவு அவமானப்படுத்தியதில்லை.

அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தார். ஜன்னல் நிலையில் மூலைக்கு மூலை நூல் பிடித்தார். அதே நூலை அடுத்த இரண்டு மூலைகளுக்கும் பிடித்தார். எட்டவில்லை. நிலை கோணியிருந்தது. அவர் முகத்தில் அன்று பார்த்த ஆனந்தம் கோயில் தேர் பார்ப்பவர்களிடம்கூட நான் பார்த்ததில்லை.

"என் வேல சுத்தம் டீச்சர். தப்பு நானாவோடது."

நானா என்பவர் கதவு ஜன்னல்கள் செய்து தந்த பண்டாரவளைத் தச்சர். கொட்டும் மழையில், அவருடைய வேலையைப் பாதியில் நிறுத்தி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார் மாஸ்டர். இருவரும் உள்ளே நுழையும்போதே சண்டை முற்றியிருந்தது.

"எண்ட நிலை பலா மரம் மாஸ்டர். யானை மிதிச்சாலும் கோணாது."

"அப்ப யானை மிதிச்சிருக்கு நானா. அளந்து பாருங்க."

நானா மரத்தைத் தட்டினார், தடவினார், கடைசியில் ரசமட்டத்தை எடுத்துச் சுவரில் வைத்தார். உடனே அவர் முகமும் மலர்ந்தது. "மரத்துல ஒண்டும் இல்ல. செவுரு வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது. ஒங்கட மேசன் பாஸக் கூப்பிடுங்க டீச்சர்."

மேசன் பாஸ் பக்கத்துத் தோட்டத்துக்காரர். எங்கள் வீட்டைக் கட்டிய கொத்தனார். கோபக்காரர். போனில் விஷயத்தைக் கேட்டதும், வைக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் புறப்பட்டு வந்தார். அலுமாரியை நகர்த்தச் சொன்னார். அதற்குப் பின்னால் விரல் நுழையும் வெடிப்பு ஒன்று மேலிருந்து கீழ்வரை ஓடியது. நான் அதற்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மற்ற இருவரும் வெற்றிக் களிப்பில் பாஸைப் பார்த்தார்கள்.

"என் செவுத்தப் பத்திப் பேசினா எனக்குக் கோவம் வரும்" என்றபடி பாஸ் வெளியே போனார். வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்குள் ஏறி மறைந்தார். திரும்பி வந்தபோது முழங்கால் வரை சேறு. முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"நான்தான் சொன்னேன்ல. செவுத்துல ஒரு கொறையும் இல்ல. மேல தேயிலை வரிசையே ரெண்டாப் பொளந்து கெடக்கு. மலதான் தள்ளுது."

மூவரும் நிரபராதிகள். நானா மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாஸ்டர் பாஸின் முதுகைத் தட்டினார். ஒரு நிமிடம் அந்த அறை கல்யாண வீடு போல இருந்தது. நான்கூடத் தேநீர் போட எழுந்தேன்.

கட்டிலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த தர்ஷினிதான் கேட்டாள்.

"மல தள்ளுதுன்னா, எங்க தள்ளுது?"

பாஸ் சுவர் வெடிப்பையும் அவள் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் மழை பெய்தால் எல்லோரும், மலை சரிந்து லயங்களோடு ஆட்களை விழுங்கிய மீரியபெத்தவை நினைப்போம். நினைத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவோம். நான் அப்படித்தான் அத்தனை வாரமும் படுத்திருந்தேன், பிள்ளையை அந்தச் சுவரோரம் கிடத்திவிட்டு.

"பாப்பா, எந்திரி" என்றார் மாஸ்டர். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

பாஸ் கீழ் வீட்டுக்காரர்களைக் கிளப்ப ஓடினார். நானாவும் மகளும் புத்தகங்களை மூட்டை கட்டினார்கள். நான் எதை எடுப்பது என்று தெரியாமல் இட்லிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மாஸ்டர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? நாற்காலி மேல் ஏறித் தன் ஜன்னலைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், பிள்ளைட சேர்டிபிகட் எல்லாம் அலுமாரியில இருக்கு, நீங்க கண்ணாடியக் கழட்டுறீங்களே."

"அது எல்லாம் திரும்ப எடுத்துக்கலாம் டீச்சர். இந்த வெள்ளக் கண்ணாடி எனக்கு இனிக் கெடைக்காது."

அன்று மாலை பண்டாரவளையில் என் தங்கை வீட்டில் இருந்தோம். மறுநாள் பகல், தர்ஷினி வழக்கமாகச் சாப்பிட்டுவிட்டு அந்தக் கட்டிலில் கொஞ்சம் கண்ணயரும் நேரத்தில், மலை வந்தது. யாருக்கும் காயமில்லை. அவளுடைய அறை மட்டும் முழுதாக மண்ணுக்குள் போயிருந்தது. கட்டிலின் ஒரு கால் வெளியே தெரிந்தது. அதை நான் பார்த்திருக்கக் கூடாது.

இப்போது வாடகை வீட்டில் இருக்கிறோம். தூங்குகிறவளின் மூக்கருகில் கை வைத்துப் பார்க்கிறேன். "அம்மா, உசிரோடதான் இருக்கேன், தூங்க விடுங்க" என்று திரும்பிப் படுக்கிறாள். அந்த அதட்டலைக் கேட்பதற்காகவே இன்னொருமுறை வைத்துப் பார்ப்பதும் உண்டு.

நன்றி சொல்ல மாஸ்டரின் கடைக்குப் போனேன். தேயிலைப் பூ ஜன்னலை என்னைக் கேட்காமலே பூனாகலையில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஒரு பிள்ளைக்காம்பராவில் பொருத்திவிட்டிருந்தார். "தோட்டத்துக் குழந்தைங்க நாள் பூரா மல்லாந்துதானே கெடக்குதுங்க, பாக்கட்டும்" என்றார். நான் நன்றியைத் தொடங்கினேன். அவர் முகம் சுளித்தார்.

"எனக்கு எதுக்கு? நான் என் பேரக் காப்பாத்த வந்தேன். நானாவும் அவர் பேரக் காப்பாத்த வந்தாரு. பாஸும் அப்படித்தான். ஒங்களக் காப்பாத்த ஆரும் வரல."

அது உண்மை. உண்மை என்பதால்தானோ என்னவோ, அதுவரை அழாத நான் அங்கே அழத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை.

"அந்தப் பக்கம் நின்னு அழுங்க டீச்சர். கண்ணாடியில படும்."

தள்ளி நின்று அழுதேன். அப்போது என் போன் அடித்தது. மேசையில் கிடந்ததை அவரே எடுத்தார். கூப்பிட்டது தர்ஷினி.

"ஒங்கம்மா இங்கதான் பாப்பா இருக்காங்க. ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்காங்க. நீ போட்டுச் சாப்பிடு. கொஞ்சம் நேரமாகும்."

போனை வைத்துவிட்டு, கண்ணாடி வெட்டும் கட்டரையும் அணைத்து வைத்திருந்த, ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலையும் ஓரமாக ஒதுக்கினார். ஸ்டூலை என் பக்கம் காலால் தள்ளிவிட்டு, வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ஜன்னல் கேட்டு வந்த ஒருவரைப் "பொறகு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். நான் அழுது முடிக்கும் வரை அவர் உள்ளே திரும்பவில்லை.