கோல்கீப்பர் முகமூடியின் அருள்வாக்கு

எங்கள் மினசோட்டா சுரங்க ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் பாரில் மீன் வறுவல். இந்தக் குளிர்காலம் முதல் அருள்வாக்கும் சேர்ந்துகொண்டது. நிற்க இடமில்லை. பாதிரியார் மட்டும் வரவில்லை. வீட்டிலிருந்தே போனில் பார்த்தாராம்.

அருள் வருவது வெர்ன் மாக்கிக்கு. செத்துப்போன ஏதோ ஒரு கோல்கீப்பரின் முகமூடியைத் தடவிக் கண்ணை மூடுவான். அன்றைய ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் ஜெயிப்பது யார் என்று ஆவி சொல்லிவிடும். இணையத்தில் நேரலை வேறு. ஆவியும் காலத்துக்கேற்ப மாறத்தானே வேண்டும்!

வாக்கு வந்ததும் ஜனம் போனிலிருக்கும் கணிப்புச் சந்தையில் பாயும். அங்கே விற்பது சீட்டு. நீங்கள் வாங்கிய அணி வென்றால் சீட்டுக்கு ஒரு டாலர். தோற்றால் பட்டை நாமம். அதுவரை நாற்பது சென்ட், எழுபது சென்ட் என்று வாங்குகிறவர்களின் ஆசைக்குத் தக்கபடி விலை ஏறி இறங்கும். எங்கள் அணி ஆடுவது சின்ன லீக். ஒரு பார் நிறைய ஆட்கள் வாங்கினாலே விலை எகிறிவிடும்.

அன்று வெர்ன் எங்கள் அணிக்கே வெற்றி என்று அருளினான். எல்மர் லாட்டியும் போனை எடுத்தான். வெளியே மைனஸ் முப்பது குளிர். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பழுது. புதியது வாங்க வைத்திருந்த பணம் முழுவதையும் சீட்டில் போடப்போனான். அவன் மனைவி டார்லீன் போனைப் பிடுங்கிக்கொண்டு வெர்னிடம் போனாள்.

"நீயும் சீட்டு வாங்கியிருக்கியா, வெர்ன்?"

"பின்னே? காலையிலயே எக்கச்சக்கமா வாங்கிட்டேன்."

"அப்ப ஆட்டம் முடியிற வரைக்கும் உன் போன் கல்லாப்பெட்டியில இருக்கட்டும். அதுவரைக்கும் நீ அதக் கேக்காம இருந்தா, அடுத்த ஆட்டத்துல எங்க ஃபர்னஸ் பணத்த நானே போடுறேன்."

கூட்டம் கைதட்டியது. மறுக்க வழியில்லை. பார்க்காரர் போனை வாங்கிப் பூட்டினார். டிவியில் வீரர்கள் ஐஸில் இறங்கினார்கள். வெர்னுக்கு வியர்த்தது. அவசரமாக ஒரு போன் பேச வேண்டும் என்றான். என் போனில் பேசு என்று நீட்டினாள் டார்லீன்.

"எழுபதுல நிக்குதும்மா விலை! இப்ப வித்தாத்தான் உண்டு. ஆட்டம் ஆரம்பிச்சிட்டா எவன் ஜெயிப்பான்னு யாருக்குத் தெரியும்?"

வெர்ன் தன் வாயாலேயே உளறிவிட்டான். காலையில் நாற்பதுக்கு வாங்குவது, மாலையில் அருள்வாக்கால் விலையை ஏற்றுவது, ஏறிய விலைக்கு நம் தலையிலேயே கட்டுவது. இதுதான் ஆவியின் முழுநேர வேலை. மீன் தின்றுகொண்டிருந்தவர்களுக்கெல்லாம் இப்போதுதான் உறைத்தது. ஆளாளுக்கு ஆத்திரத்தில் சீட்டை விற்றார்கள். விலை பாதாளத்துக்குப் போனது. கெஞ்சிக் கூத்தாடிப் போனை வாங்கிய வெர்னும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டான்.

அன்று எங்கள் அணி ஜெயித்தது!

வாக்கு பலித்துவிட்டதே, வாங்கியிருக்கலாமே என்று காரில் டார்லீனிடம் எல்மர் முனகிக்கொண்டே வந்தான்.

"ஆடுறது ரெண்டே அணி, எல்மர். கண்ண மூடிக்கிட்டு நீ சொன்னாலும் பாதி நாள் பலிக்கும். சொன்னவனே நம்பாம வித்துட்டான், நீ எதுக்குய்யா நம்புற?"

ஐஸில் இறங்குகிறவன் ஹெல்மெட் போடுகிறான், தலைக்குள் காப்பாற்ற ஏதோ இருக்கிறது என்று. பாரில் உட்கார்ந்திருக்கும் நமக்கும் அது இருக்கிறது. எப்போதாவது உபயோகித்தால் தேய்ந்துவிடாது.