கோடு கீழே இறங்கக் கூடாது

சதவீதக்காரர் என்றொரு இனம் உண்டு. காட்டுக்குப் போய்த் தேட வேண்டாம், அதுவாகவே வந்து உங்கள் பக்கத்து சீட்டில் உட்காரும். மழை வரும்போலிருக்கிறது என்று பேச்சுக்குச் சொல்லிப் பாருங்கள், "அறுபத்தஞ்சு சதவீதம்" என்று திருத்தும். உங்கள் வீட்டுக் குழந்தை பெற்ற மார்க்கைக் கேட்டு, போன வருஷத்து மார்க்கையும் கேட்டு, இரண்டையும் கழித்து, உதட்டைப் பிதுக்கி, "வளர்ச்சி விகிதம் கொஞ்சம் மந்தம்தான்" என்று சொல்லிவிட்டு, நீங்கள் கொடுத்த காபியையே குடிக்கும். கடிக்காது. அது ஒன்றுதான் ஆறுதல்.

இன்று நாம் பிடித்து வைத்துப் பார்க்கப்போகிறவர் ஒரு கல்லூரியின் புள்ளிவிவரப் பிரிவு கண்காணிப்பாளர். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சாத்தினால் திறக்காத பீரோ, திறந்தால் சாத்தாத ஜன்னல், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டூல், இவர். அவ்வளவுதான். வாத்தியார்கள் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் இவரை 'சதவீதம்' என்றே சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால்தான். அவருக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்தார்கள். தெரியும். நூற்றுக்கு எத்தனை பேர் அப்படிச் சொல்கிறார்கள் என்பது வரைக்கும் தெரியும்.

சுவரில் ஒரு சார்ட். அதில் பன்னிரண்டு வருஷத்துக் கோடுகள் இரண்டு. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது சிவப்பு. பரீட்சை எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் தேறினார்கள் என்பது நீலம். இரண்டும் ஏற வேண்டும். வருஷா வருஷம் மேலிடத்துக்கு அறிக்கை போக வேண்டும், அதில் இரண்டும் ஏறியிருக்க வேண்டும். ஆனால் உலக இயற்கை என்ன? நிறைய பேர் வந்தால், பள்ளிக்கூடத்தில் தத்தித் தத்தி வந்தவனும் அதில் இருப்பான், வீட்டிலேயே முதல்முதலாகக் காலேஜ் வாசலை மிதிக்கிறவளும் இருப்பாள். சிவப்பு ஏறினால் நீலம் இறங்கும். எங்கேயும் அப்படித்தான்.

இங்கே மட்டும் இறங்கவில்லை. ஏன்? நம்மவர் ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தார். அதன் பெயர் ஓய்வுப் பட்டியல்.

முதல் தேர்வில் முப்பத்தைந்துக்குக் கீழே, வருகை எழுபது சதவீதத்துக்குக் கீழே. இந்த இரண்டும் சேர்ந்தவர்களைக் கம்ப்யூட்டர் பொறுக்கி எடுக்கும். பெயர் கிடையாது, எண்தான். அந்த எண்களையும் இவர் பார்ப்பதில்லை, அடியில் இருக்கும் மொத்தத்தை மட்டும் பார்ப்பார். ஆண்டுத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கடிதம் போகும்: 'தங்கள் பிள்ளையின் நலன் கருதி, இவ்வாண்டுத் தேர்விலிருந்து அன்புடன் ஓய்வு அளிக்கப்படுகிறது.' அந்தப் பிள்ளை கல்லூரிப் பதிவேட்டில் இருப்பதால் சிவப்பு ஏறும். பரீட்சை ஹாலில் இல்லாததால் நீலமும் ஏறும். ஒரே பிள்ளையால் இரண்டு கோட்டுக்கும் உபகாரம்! இதைவிடச் சிக்கனமாக யாராவது கல்வியை வளர்க்க முடியுமா?

அந்த வருஷம் இரண்டு கோடுகளும் சார்ட்டின் மேல் விளிம்பை முட்டிவிட்டன. நம்மவர் இன்னொரு சார்ட்டை அதற்கு மேலே ஒட்ட ஸ்டூல் மீது ஏறினார், கைக்கு எட்டாமல் எம்பினார், விழுந்தார். கால் உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. "கோட்டோட சேர்ந்து இவரும் ஏறினாரு, கோடு மட்டும் நின்னுடுச்சு" என்று கேன்டீன் மாஸ்டர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

கட்டு பிரித்து வேலைக்குத் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம், பட்டியலை எடுத்து அனுப்பியது. அறுநூற்று நாற்பது பேரில் நூற்று நாலு பேர். நீலம் தொண்ணூற்று மூன்றைத் தொடும் என்று கணக்குச் சொன்னது. முதல்வர் மேடம் ஆண்டுவிழாவில் இவருக்குக் கொடுக்க ஒரு கேடயத்துக்கே சொல்லி வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம். துணிக்கடை வேலை முடிந்து வந்த மனைவி, தபாலைப் பிரித்தபடியே கூடத்துக்கு வந்தாள்.

"என்னங்க, யாரோ உங்க கையெழுத்தப் போட்டு நம்ம பொண்ணுக்கு ஓய்வு குடுத்திருக்காங்க."

வாங்கிப் படித்தார். முதலில் அவருக்குத் தோன்றியது, எவ்வளவு கண்ணியமாக எழுதியிருக்கிறது என்பதுதான். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அது தன் வீட்டுக்கே வந்த கடிதம் என்று உறைத்தது.

மகளும் அதே கல்லூரிதான், இரண்டாம் வருஷம். சதவீதத்தின் பெண் என்று தெரியக் கூடாதென்று வேறு பஸ்ஸில் போகிறவள்.

"நீ ஏன்மா காலேஜுக்குப் போகல? டெஸ்ட் ஏன் எழுதல?" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். "ஆறு வாரம் உங்கள யாரு பாத்ரூம் வரைக்கும் தோள்ல தாங்கிட்டுப் போனதுன்னு நெனச்சீங்க? பக்கத்து வீட்டுக்காரரா? அம்மா கடைக்குப் போயிட்டாங்க. நீங்க படுத்துக்கிட்டே, 'அந்தச் சிவப்ப நேரா இழும்மா, ஸ்கேல் ஆடுது'ன்னு சொல்லிட்டிருந்தீங்க. டெஸ்ட் அன்னிக்கும் கோடுதான் இழுத்தேன்."

சமையலறையில் பாத்திரங்கள் மனைவியின் சார்பில் பேசின.

மறுநாள் காலை முதல் ஆளாக மேடத்தின் அறையில் நின்றார். மேடம் சிரித்தார். "உங்க பொண்ணா? அட, எடுத்துடுங்க சார். ஒரு ஆளால என்ன கொறஞ்சிடப் போகுது?"

துள்ளிக் கொண்டு வீட்டுக்கு வந்தார், கால் இடம் கொடுத்த வரைக்கும். "முடிச்சிட்டேன்! நீ எழுதலாம்."

மகள் கடிதத்தின் மூலையைக் காட்டினாள். அங்கே பொடி எழுத்தில் 57/104 என்று இருந்தது. "மிச்சம் நூத்தி மூணு பேருக்கு?"

"அது... அது வேறம்மா. அவங்க வருகை கம்மி, மார்க் கம்மி."

"எனக்கும் அதேதானே? அவங்க வீட்ல யாருக்குக் கால் உடைஞ்சுதுன்னு பாத்தீங்களா? எல்லாருக்கும் அப்பா காலேஜ் ஆபீஸ்லயா இருக்காரு? நான் மட்டும் போய் உக்கார மாட்டேன்பா."

"பிடிவாதம் பிடிக்காதம்மா, ஒரு வருஷம் போயிடும்."

"அவங்களுக்கும் ஒரு வருஷம்தான் போகுது."

சாப்பிடாமலே கதவைச் சாத்திக்கொண்டாள். சதவீதம் வெகுநேரம் அந்தக் கதவின் முன் உட்கார்ந்து கணக்குப் போட்டார். எப்படிப் போட்டாலும், உள்ளே ஒரு பெண் பட்டினியாக இருந்தாள். அதற்குச் சதவீதம் வரவில்லை.

தேர்வுக்கு மூன்று நாள். ஆபீசில் பட்டியலைப் பிரித்து வைத்து, எண்களுக்கு எதிரே முதன்முதலாகப் பெயர்களை எழுதினார். பிறகு போனை எடுத்தார்.

முதல் எண்ணில் ஒரு பையன். "தம்பி, காலேஜ்ல இருந்து பேசறேன். ஓய்வு ரத்து. நீ பரீட்சை எழுதலாம்."

அந்தப் பக்கம் வெடிச்சிரிப்பு. "டேய், அப்படியே சதவீதம் மாதிரியே பேசறடா! எங்க, 'வளர்ச்சி விகிதம்' சொல்லு?"

நம்மவர் ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தார். "நான் சதவீதமேதான்பா பேசறேன். ஹால் டிக்கெட்ட வந்து வாங்கிக்கோ."

அந்தப் பக்கம் போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

இன்னொரு எண்ணில் ஓர் அம்மா. "பாஸ் பண்ணுவானான்னு மட்டும் கேக்காதீங்க சார். லெட்டர் வந்தும் புதுப் பேனா வாங்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்." இவர் கேட்கவில்லை. கேட்காமலிருக்க என்ன பாடுபட்டார் என்பது அந்த ஜன்னலுக்குத்தான் தெரியும்.

அன்புடன் ஓய்வு கொடுத்த அதே முத்திரையை நூற்று நாலு ஹால் டிக்கெட்டிலும் குத்தினார். மேடத்துக்கு விஷயம் தெரிந்தது பரீட்சை அன்றுதான், பெஞ்சு போதாமல் லேபிலிருந்து ஸ்டூல் தூக்கிக்கொண்டு ஓடியவர்களைப் பார்த்தபோது.

முடிவு வந்தது. எண்பத்து நான்கு. ஒன்பது சதவீதம் அம்போ! ஓய்வில் இருந்திருக்க வேண்டியவர்களில் நாற்பத்தொரு பேர் தேறியிருந்தார்கள். மீதிப் பேர் தேறவில்லை, ஆனால் உள்ளே உட்கார்ந்து, எழுதி, சொந்தமாகத் தோற்றிருந்தார்கள். கேடயம் கடையிலேயே தங்கிவிட்டது.

"மேலிடத்துக்கு என்னன்னு எழுதறது சார்?" மேடம் தலையைப் பிடித்துக்கொண்டார்.

இனம் இனம்தானே? நம்மவர் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. "தேர்வு எழுதினவங்க நூறு சதவீதம்னு எழுதுங்க மேடம். பன்னெண்டு வருஷத்துல இதுதான் முதல் தடவை."

மகளுக்கு ஒரு பாடம் போயிருந்தது. சாயங்காலம் ஆபீசுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு அவரோடு ஒரே பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு.

"உங்க கோட்ட இறக்குனதுல நானும் ஒருத்திப்பா."

"பரவால்லம்மா" என்றார். நீலப் பென்சிலை எடுத்தார். ஸ்டூலைத் தேடவில்லை. கோடு, தரையில் நின்றபடியே கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்திருந்தது. அவள் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டாள், இந்தத் தடவை ஆடாமல்.

சிரித்துவிட்டீர்கள், சரி. நல்லவேளை, நாம் இந்த இனமில்லை என்று மூச்சும் விட்டிருப்பீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். மேலே அறுநூற்று நாற்பதில் நூற்று நாலு என்று படித்தீர்களே, அப்போது அந்தப் பிள்ளைகளை நினைத்தீர்களா, அல்லது மனசுக்குள் நைசாக வகுத்துப் பார்த்தீர்களா?

பதினாறேகால்தானே வந்தது?

எனக்கும் அதேதான்.