கோட்டுக்குக் கீழே ஒரு விரல்

பேனாவால் போட்டிருந்த கோட்டுக்கு ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது பாட்டிலில் இருந்த கரும்பொடி. ஆராய்ச்சியாளர் குனிந்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார். சந்தேகமே இல்லை. திருட்டு.

அது அடுப்புக்கரி இல்லை. பஞ்சைவிட லேசான கார்பன் நானோ பொடி. பயணிகள் ஏறி இறங்குவதற்குள் பஸ்ஸுக்கு முழு சார்ஜ் ஏற்றும் மின்தேக்கியை அதில்தான் செய்யப் போகிறார். அடுத்த வாரச் சோதனைக்காக ஒரு சிட்டிகைகூட எடுக்காமல் வைத்திருந்தார். அதில் தோற்றால் வேலை போய்விடும்.

பக்கத்து மேஜைக்காரி அதே பொடியில் பேட்டரி செய்கிறாள். அவள் விரல் நுனியெல்லாம் கறுப்பு.

"என்ன சார், அப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. கை கறுப்பா இருக்கே."

"உங்களுது மட்டும் வெள்ளையாவா இருக்கு?"

பதிலைத் தயாராக வைத்திருக்கிறாள். எடை போட்டால் தெரிந்துவிடும். ஆனால் தராசு அவள் மேஜையில் இருந்தது. திருடியிடமே போய்த் தராசு கேட்பதா?

பாட்டிலைத் தன் அலமாரியில், நாள் முழுக்கத் தடதடக்கும் பம்புக்கு மேல்தட்டில் வைத்துப் பூட்டினார். மறுநாள் இன்னும் ஒரு விரல் இறங்கியிருந்தது. ஆக, கள்ளச்சாவியும் இருக்கிறது.

அன்று மாலை பாட்டிலை ஸ்கூட்டர் பெட்டியில் போட்டு, குண்டும் குழியுமான சாலையில் வீட்டுக்கே கொண்டுபோனார். காலையில் பார்த்தால் பாதிதான் இருந்தது.

"நீ இதத் தொட்டியா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"ஆமா, மை தீர்ந்துபோச்சு, கண்ணுக்குப் போட்டுக்கிட்டேன். போய் வேலையப் பாருங்க."

சிரிக்காமல் சொன்னாள். அவள்மீதும் ஒரு கண் வைக்கத் தீர்மானித்தார்.

மதியம் பக்கத்து மேஜை காலியாக இருந்தது. பறிகொடுத்ததை மீட்பது திருட்டாகாது என்று சொல்லிக்கொண்டு, அவள் பாட்டிலிலிருந்து தன் பாட்டிலைக் கோடு வரை நிரப்பினார். பம்புக்கு மேல் பத்திரமாகப் பூட்டினார். மாலைக்குள் அதுவும் இறங்கிவிட்டது.

நேராக இயக்குநரின் அறைக்குப் போனார். "எடுத்தது யாரா இருந்தாலும் இன்னைக்கே வெளிய அனுப்பணும் சார்."

"கண்டிப்பா," என்ற இயக்குநர், பொடியை எடை போட்டு வழங்கும் கிடங்குக்காரரைத் தராசோடு வரவழைத்தார்.

பக்கத்து மேஜைக்காரி வாசலில் கைகட்டி நின்றாள். கிடங்குக்காரர் பாட்டிலைத் தராசில் வைத்தார். இறக்கினார். மறுபடி வைத்தார்.

"குலுங்கினா அமுங்குற பொடி சார் இது. ஒண்ணும் குறையல," என்றார். "நான் குடுத்தத விட நிறையவே கூடியிருக்கு."