தொட்டியில் சீனியாரிட்டி

உலக அமைதிக்குப் பாடுபட்டவர்களின் வரிசையில் என்னையும் சேர்க்க வேண்டும் என்று நானே சொல்லிக்கொள்வது அழகல்ல. வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன். ஞாயிறு காலை எங்கள் கூடத்துக் கால் மிதியடியின் மேல் ஒரு கடல்மீன் துள்ளிக்கொண்டிருந்ததும் அந்த அமைதிப் பணியின் ஒரு கட்டம்தான்.

மீன் தானாகத்தான் குதித்தது. தொட்டியின் வலைமூடியைக் கழற்றி வைத்தது மட்டும் நான். மூடி இருந்தால் மீன்கள் 'மனம் திறந்து பழகாது' என்பது என் கொள்கை.

என் சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், ஓடிவந்து கையை நனைத்துக்கொண்டு அதை அள்ளித் தண்ணீரில் விட்டார்.

"உயிர் இருக்குண்ணே!"

"இருக்கட்டும் தம்பி. மிதியடி ஈரமாயிடுச்சு பாருங்க" என்று கனிவோடு சுட்டிக்காட்டினேன். அவர் அதைக் காயப்போட எடுத்துக்கொண்டு போனார். தங்கமான பையன்.

நான் ஒரு நிறுவனத்தில் 'ஊழியர் நல்லிணக்க மேலாளர்'. முகம் கொடுத்துப் பேசாத இருவரை ஓர் அறையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசுவேன். வெளியே வரும்போது இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு, எனக்கு எதிராக மனு எழுதப் போவார்கள். ஒற்றுமை எந்த வழியில் வந்தால் என்ன?

இத்தகைய அனுபவசாலிக்கு உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒரு பொருட்டா? ராஸ் என்றொரு கடல்மீன் இனம். விரல் நீளம்தான் இருக்கும். அதற்குள் ஒரு துணிக்கடையின் அத்தனை வண்ணமும் அடங்கியிருக்கும். எந்த ராஸ் எதனோடு ஒத்துப்போகும் என்பது பெரிய சாஸ்திரமாம். நான் சாஸ்திரம் பார்க்கவில்லை, 'தலைமைப் பண்பு' பார்த்தேன். உடம்பில் ஆறு கோடு போட்ட ஒன்று, கடைத்தொட்டியில் மற்ற எல்லாவற்றையும் ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருந்தது. அதையே முதலில் வாங்கி, தனியாக விட்டு, சீனியர் என்று பெயரும் வைத்தேன். பிறகு ஊதாவும் ஆரஞ்சுமாக ஒரு சாதுவைக் கொண்டுவந்தேன். சீனியர் அதற்கு 'வழிகாட்டும்' என்பது திட்டம். காட்டியது. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, அங்கிருந்து மறுபடி இங்கே. சாது வடிகட்டிக் குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. தீனி போட்டாலும் வெளியே வரவில்லை. ஞாயிறு அன்று ராஜினாமா செய்து மிதியடிக்கு வந்துவிட்டது.

மீன் கடைக்காரரிடம் போனேன்.

"ரெண்டு ராஸை ஒண்ணா விட்டா ஒத்துப்போகுமா?"

"போகும் சார்."

"சண்டை போடாதா?"

"போடும் சார்."

"அப்ப ஒத்துப்போகாதுன்னு சொல்லுங்க."

"அது மீனைப் பொறுத்தது சார்."

இவ்வளவு முதிர்ந்த பதிலை எங்கள் நிர்வாக இயக்குநரிடம் மட்டுமே கேட்டிருக்கிறேன். விடாமல் துளைத்தபின் சொன்னார்: "சாதுவை முதல்ல விடணும். முரடனைக் கடைசியாத்தான் விடணும். முன்னாடி வந்தது, மொத்தத் தொட்டியும் தன்னோடதுன்னு நினைச்சுக்கும்."

"இதை வாங்குறப்பவே சொல்லக்கூடாதா?"

"எங்க சார் சொல்ல விட்டீங்க? அன்னைக்கு மீனைப் பத்தி எனக்கே பாடம் எடுத்துட்டுப் போனீங்க."

ஒரு கண்ணாடிப் பெட்டியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, சீனியரைச் சில நாள் அதில் அடைத்து வைக்க. வழியெல்லாம் நெஞ்சு பொறுக்கவில்லை. முன்னால் வந்துவிட்டால் எல்லாம் தன் சொத்தா? நம்பி வந்த ஒரு ஜீவனைக் குழாய்க்குப் பின்னால் நிறுத்துகிற குணம் என்ன குணம்?

வீட்டில் சகலை என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றுமே சொல்லவில்லை. பக்கத்தில் போய் நின்றேன், அவ்வளவுதான். எழுந்துவிட்டார்.

வாடகை வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று அவரும் மச்சினியும் எங்களோடு வந்து சில மாதங்கள் ஆகின்றன. மச்சினிக்கு இப்போது ஆறாவது மாதம். குழந்தை பிறந்து தவழும்வரை தங்கை தன் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் மனைவியின் ஒரே ஆசை. நானும் அவர்களை முறைப்படி வரவேற்றேன். வந்த அன்றே சோபாவில் உட்காரவைத்து 'அறிமுகக் கூட்டம்' நடத்தினேன். குளியலறை எனக்குப் பிறகு, குளிர்பெட்டியில் கீழ்த்தட்டு, மின்விசிறி இரண்டாம் எண்ணுக்கு மேல் கூடாது, தொலைக்காட்சி நான் இல்லாதபோது. இவ்வளவு தெளிவான வரவேற்பு எந்த வீட்டில் கிடைக்கும்?

சீனியரைப் பெட்டியில் அடைத்துவிட்டு, "எல்லாரும் வந்து பாருங்க!" என்று கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. உள்ளே போனால் கட்டிலின் மேல் துணிப்பெட்டி திறந்து கிடக்கிறது. மனைவி தங்கையின் துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடிக்கிறாள். மூக்கு சிவந்திருக்கிறது.

"என்ன இது?"

"வேற வீடு பாத்துட்டோம்ணே" என்றார் சகலை. "ஊர்க்கோடியில, என் ஆபீசுக்குப் பக்கம்."

"பக்கமா? அங்கிருந்து உங்க ஆபீசுக்கு ரெண்டு பஸ் மாறணுமே!"

"பஸ்ல உக்கார இடம் கிடைக்கும்ணே."

மனைவியைப் பார்த்தேன். "நீயாவது சொல்லு, ஏன் போறாங்க?"

"அங்க காத்து நல்லா வருதாம்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"காத்துக்காகவா உன் தங்கச்சியை அனுப்புறே? குழந்தை தவழுற வரைக்கும் இருக்கணும்னு நீதானே சொன்னே?"

கையிலிருந்த சேலையால் முகத்தை மூடிக்கொண்டாள். கட்டில் ஓரத்தில் மச்சினி உட்கார்ந்திருந்தாள். இத்தனை மாதங்களில் என்னிடம் "சரி மாமா" என்பதைத் தவிர அவள் எதுவும் பேசியதில்லை. முதல் தடவையாக அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"இங்க உனக்கு என்னம்மா குறை? மறைக்காம சொல்லு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அவள் அக்காவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"போன மாசம் பயிற்சி நடத்த வெளியூர் போனீங்களே மாமா, அந்த நாலு நாள்தான் நான் இந்த வீட்டுல வயிறாரச் சாப்பிட்டேன்."