பேய்ப்படத் தட்டுகளுக்குப் பொட்டு வைத்த விவரம்

அன்புள்ள பேத்தி தாமரைச்செல்விக்கு,

விளாங்குடியிலிருந்து உன் அப்பத்தா அழகம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே என் முட்டியைத் தவிர எல்லாம் சௌக்கியம். பெங்களூரில் நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, சண்டை போடாமல் இருக்கப் பாண்டிமுனி துணை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்து வந்து உன் பேய்ப்படத் தட்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போவதாகச் சொன்னாய். போனில் சொல்லி முடிகிற விவரம் இல்லை, அதனால் எழுதுகிறேன். ஆயுத பூசையன்று அரிவாள்மனை, கிரைண்டர், தண்ணி மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பத்து வருசமாக நீ தேடித் தேடி லண்டனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரவழைத்த ப்ளூரே தட்டுகளை மட்டும் விட்டால் நன்றாகவா இருக்கும்? பெட்டி மேல் வைத்தால் அட்டைப்படம் கெட்டுப்போச்சு என்று நீ வைவாய். ஆகவே ஒவ்வொன்றாகத் திறந்து, கண்ணாடி மாதிரி மின்னுகிற பக்கம்தான் முகம் என்று நினைத்து, விரல் நிறையச் சந்தனம் எடுத்து வைத்துவிட்டேன். எதிர்வீட்டு டிவி மெக்கானிக் பால்பாண்டி பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"அப்பத்தா, அந்தப் பக்கத்தத்தான் மிசினு படிக்கும். அம்புட்டுப் பேயோட கண்ணையும் அவிச்சுட்டீகளே!"

"ஏண்டா, ஒரு பொட்டுக்கே சாகுறதுன்னா அது என்னடா பேயி?" என்று நானும் விடவில்லை.

ஆனால் ஒன்றும் ஓடவில்லை தாயி. மறுபடி அச்சுப் போடமாட்டார்கள் என்று நீ சொன்ன படங்களும் அதில் போச்சு. விளாங்குடியில் டாக்டர் பேத்தி உண்டு, வக்கீல் பேத்தி உண்டு. இம்புட்டுப் பேயை வரிசையாக அடுக்கி வைத்தவள் என் பேத்தி ஒருத்திதான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன், என் கையாலேயே கெடுத்துவிட்டேன். வண்டி வாடகை வீண். அலமாரி இங்கேயே கிடக்கட்டும். நான் அதில் ஒன்றைக்கூடப் பார்த்தது கிடையாது. வௌவாலைக் கட்டித் தொங்கவிட்ட நூல் வரைக்கும் பளிச்சென்று தெரிகிற படத்தில் பயப்பட என்ன இருக்கிறது?

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பிள்ளை குட்டியோடு ஆலமரமாய்த் தழைத்திரு.

இப்படிக்கு,
அழகம்மாள்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பொட்டு வைத்தது மட்டும்தான் நிசம். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் இதற்கே ரெண்டு நாள் ஆச்சு. பால்பாண்டி மெல்லிசுத் துணியால் துடைத்துக் கொடுத்துவிட்டான், எல்லாம் ஓடுகிறது. மத்தியானம் கஞ்சி குடித்ததும் தினம் ஒன்றாகப் போட்டுப் பார்க்கிறேன். பேசுவது புரியாது, கத்துவது புரியும். செத்தவர்கள் எல்லாம் அதில் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறார்கள். வீட்டில் இருக்கிறவர்கள் எதற்குக் கத்துகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. உன் தாத்தா போய் மூன்று வருசம். ஒரு நாளாவது இந்தக் கதவு தானாகத் திறந்ததா?

தட்டு உன்னுடையது, எடுத்துக்கொண்டு போ. ஆனால் வண்டியில் வராதே, பஸ்ஸில் வா. ஒரு தடவைக்கு ஒன்றுதான் கையில் தருவேன். மொத்தம் அறுபத்திரண்டு இருக்கிறது.