வேம்பார் மணலில் களையெடுப்பு

எடுத்த வேலையை அரைகுறையாக விடுவது என் ஜாதகத்திலேயே கிடையாது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் கோவில்பட்டியில் சொந்தமாகத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்தது அப்படித்தான். (பள்ளிக்கூடத்தை மட்டும் அரைகுறையாக விட்டீர்களே என்று கேட்கக் கூடாது.) வேம்பார் கடற்கரையில் மானம் போனதும் அப்படித்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு புரட்டாசி. வேம்பாரிலிருந்து ரோஸ்லின் என்ற மீனவப் பெண் வந்து, ஒரு சாக்கை என் மேசையில் கவிழ்த்தாள். எல்லாம் தீப்பெட்டி பண்டல் சுற்றும் பிளாஸ்டிக் உறை. ஒவ்வொன்றிலும் என் போட்டோ.

"வலையில மீனைவிட உங்க மூஞ்சிதான் அண்ணாச்சி அதிகமா விழுது."

வெட்கம் வந்திருக்க வேண்டும். எனக்கோ, நம்ம சரக்கு கடல் வரைக்கும் போயிருக்கே என்று பெருமைதான் வந்தது.

"ஞாயித்துக்கிழமை ஊரே கூடி கரையைச் சுத்தம் பண்ணுதோம். ஐப்பசி பிறந்தா கடல் ஏறும். வாசல்ல இருக்க மணல்மேடுதான் எங்களுக்குக் காவல். அதுலயும் குப்பை."

"கவலைப்படாத தாயி. லாரி நிறைய ஆளோட வாரேன்."

போனோம். மதியத்துக்குள் குப்பை முழுவதும் சாக்கில் ஏறிவிட்டது. ஊர்ச்சனம் சோறு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தது; சாப்பாடு வரத் தாமதம். எங்களுடையதோ சும்மா இருக்கத் தெரியாத கரிசல்காட்டு ஜனம். மணல்மேடு முழுக்கப் பச்சைக்கொடி படர்ந்து கிடந்தது. பருத்திக்காட்டில் வளர்ந்த கண்ணுக்கு அது வேறு எப்படித் தெரியும்?

"ஏட்டி, வரிசையா நிரை பிடிங்க. ஒரு களை மிஞ்சக் கூடாது" என்றேன். வேட்டியை மடித்துக் கட்டி முதல் நிரை பிடித்தவனும் நான்தான். வேரோடு வந்தது. என் வீட்டு முற்றம்கூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

சோற்றுப் பானையோடு வந்த ரோஸ்லின் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன செய்யுதீங்க அண்ணாச்சி?"

"களை எடுக்கேன். கூலியெல்லாம் வேண்டாம்."

"அய்யோ, அது அடம்பங்கொடி. மணலைப் பிடிச்சு வச்சிருக்கறதே அதுதான். ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் தண்ணி சுமந்து வளர்த்தது."

அதற்குள் காற்று கிளம்பியது. கூடவே மேடும் கிளம்பி, நேராகச் சோற்றுப் பானைக்குள் இறங்கியது. நறநறவென்று அதைத் தின்றுவிட்டு, பிடுங்கியதையெல்லாம் திரும்ப நட்டோம். (நடவிலும் நான்தான் முதல் நிரை.) அதன்பிறகு ஞாயிறுதோறும் லாரியில் தண்ணீர் டிரம் ஏற்றிக்கொண்டு போனேன். என் போட்டோவையும் காகித உறைக்கு மாற்றினேன். கொடி பிழைத்தது. அந்த ஐப்பசியில் கடல் ரோஸ்லின் வாசலைத் தாண்டவில்லை.

இன்றும் நான் கண்ணாடி முன் உட்கார்ந்து நரைமுடி ஒன்றைப் பிடுங்கப் போனால், அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வரும்:

"ஏங்க, பிடுங்கிராதீங்க. உள்ள கெடக்க கொஞ்ச மூளையைப் பிடிச்சு வச்சிருக்கறதே அதுதான்."