கரிநாளில் மாமியார் வீட்டுக்குப் போன சேவல்

மாப்பிள்ளையாகப்பட்டவன் மாமியார் வீட்டுக்கு எதை வேண்டுமானாலும் கொண்டு போகலாம். பழம் கொண்டு போகலாம், ஸ்வீட் பாக்ஸ் கொண்டு போகலாம், கோபத்தைக்கூடக் கொண்டு போகலாம். உயிரோடு கோழியை மட்டும் கொண்டு போகக் கூடாது. அதுவும் கரிநாள் அன்று கூடவே கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிச்சாவரம் உப்புத் தண்ணீரில் நெஞ்சளவு முங்கி நின்றபோது நானாகவே கற்றுக்கொண்டேன்.

இரண்டாயிரத்து எட்டில் நாங்கள் மஞ்சக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. எங்கள் ஒரே பெண் யாழினி ஒன்றாம் வகுப்பு. தெருவில் அவள் வயதுக் குழந்தைகள் யாரும் இல்லை. அதனால் அவள் கிணற்றடியில் இருந்த தண்ணீர் மோட்டாரைத் தோழியாக வைத்துக்கொண்டாள். பள்ளி விட்டு வந்ததும் அதனிடம் போய் உட்கார்ந்து அன்றைய கதை எல்லாவற்றையும் சொல்வாள். மோட்டார் ஓடாத நாட்களில் "அதுக்கு உடம்பு சரியில்லப்பா" என்பாள். மோட்டார் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் வீட்டில் உயிருள்ள ஏதாவது ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

முதலில் மீன் வாங்கினேன். கண்ணாடித் தொட்டி, இரண்டு தங்க மீன்கள். "பாத்துக்குவோம்மா, ஒண்ணும் ஆவாது. அப்பா இருக்கேன்ல" என்று யாழினிக்கு வாக்குக் கொடுத்தேன். பிறகு, பாவம் பசிக்குமே என்று நான் ஒரு முறை, என் மனைவி கவிதா ஒரு முறை, யாழினி பல முறை தீனி போட்டோம். மறுநாளே இரண்டும் மல்லாந்து மிதந்தன. (பேர் வெக்கறதுக்குள்ள போனதையெல்லாம் வளர்ப்புப் பிராணின்னு கணக்குல சேக்கக் கூடாது என்பது கவிதாவின் தீர்ப்பு.) யாழினி அழவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வை அழுகையை விட மோசமாக இருந்தது.

அடுத்த முறை யோசித்துச் செய்ய வேண்டும் என்று மூவரும் உட்கார்ந்து பேசினோம். நாய் என்றாள் யாழினி. எனக்கு நாய் என்றால் பயம், ஆனால் அதை மகளிடம் சொல்ல முடியுமா? "ஹவுஸ் ஓனர் ஒத்துக்க மாட்டாரும்மா" என்றேன். மாடியில் இருந்த ஹவுஸ் ஓனர் அந்தச் சமயம் பார்த்து எட்டிப் பார்த்து, "நாயா? தாராளமா வளத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டார். உடனே நாய்க்கடியின் ஆபத்துகளைப் பற்றி நீளமாகப் பேசினேன். பூனை வேண்டாம் என்றாள் கவிதா. அவள் மீன் ஆயும்போது பங்குக்கு ஆள் வருவதை விரும்பவில்லை. கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம், அரசு ஊழியன் செய்யலாமா என்று நான் தடுத்தேன். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்ததில் மறுபடியும் மோட்டார்தான் மிஞ்சியது.

அந்த வாரம் மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரமாக ஒருவர் சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு கலர் கோழிக்குஞ்சு விற்றார். பச்சை, மஞ்சள், ஊதா, ரோஸ். என் மூளையில் பளிச்சென்று ஒரு யோசனை. கடிக்காது, மீன் கேட்காது, சட்டத்துக்கும் பிரச்சினை இல்லை. ரோஸ் கலரில் ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

கவிதா சிதம்பரத்துக்காரி. கொல்லையில் கோழி வளர்த்த வீடு. பார்த்ததும் தலையில் கை வைத்தாள்.

"சாயம் போட்ட குஞ்சு எங்கங்க பொழைக்கும்? ரெண்டு நாள் கத்தும், அப்பறம் பொதைக்கணும். இந்தப் புள்ள மறுபடியும் தாங்குமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் யாழினி என் வாயைப் பொத்தினாள். "ஒண்ணும் ஆவாதுன்னு மட்டும் சொல்லாதீங்கப்பா. நீங்க சொன்னா செத்துடுது."

நான் சொல்லவில்லை. குஞ்சு பிழைத்துக்கொண்டது. ரோஸ் கலராக இருந்ததால் அதற்கு ரோஸி என்று பெயர் வைத்தாள். சாயம் போய் வெள்ளையானது, கொண்டை முளைத்தது, ஒருநாள் விடியற்காலையில் மதில்மேல் ஏறி நின்று கூவியது. ரோஸி சேவல் என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பெயரை மாற்றலாமா என்று கேட்டேன். "வேணாம்ப்பா, ரோஸி ஆம்பளப் பொண்ணு" என்று முடித்துவிட்டாள் யாழினி. மோட்டாரிடம் பேச்சு நின்றது. பள்ளிக்கூடத்தில் இரண்டு பெண்கள் ரோஸியைப் பார்க்கவென்றே வீட்டுக்கு வந்து தோழிகளானார்கள். இந்தக் குடும்பத்தில் நான் எடுத்த ஒரே நல்ல முடிவு அந்தச் சேவல் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

அடுத்த பொங்கல் வந்தது. பொங்கலும் மாட்டுப் பொங்கலும் எங்கள் வீட்டில். மறுநாள் காணும் பொங்கலுக்குச் சிதம்பரத்தில் மாமியார் வீடு. எங்கள் பக்கத்தில் அந்த நாளைக் கரிநாள் என்பார்கள். வீட்டுக்கு வீடு கறிக்குழம்பு மணக்கும் நாள். ஹவுஸ் ஓனரும் ஊருக்குப் போய்விட்டதால் ரோஸியை விட்டுச் செல்ல ஆள் இல்லை. கூடையில் வைத்துத் துணி கட்டித் தூக்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது யாழினி கேட்டாள்: "ஆயா வீட்டுல ரோஸிக்கு ஒண்ணும் ஆவாதுல்லப்பா?"

"ஒண்ணும் ஆவாதும்மா. அப்பா இருக்கேன்ல" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். குழந்தையின் முகம் விழுந்துவிட்டது.

பஸ்ஸில் ரோஸி அமைதியாகத்தான் வந்தது. குடிகாட்டில் கெமிக்கல் ஃபேக்டரி நாற்றம் வந்ததும் வழக்கம்போல எல்லோரும் ஜன்னல் ஷட்டரை இறக்கினார்கள். தாண்டியதும் ஏற்றினார்கள். கூடைக்குள் திடீரென்று வெளிச்சம் விழுந்ததில் பொழுது விடிந்துவிட்டது என்று ரோஸி முடிவுகட்டி, தொண்டை கிழியக் கூவியது. முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் பதறி எழுந்து இறங்கப் போய்விட்டார். கண்டக்டர் வந்து கூடையையும் என்னையும் பார்த்துச் சிரித்தார். "மாமியார் ஊட்டுக்கா சார்? ஜமாய்ங்க!" அவர் என்ன சொல்கிறார் என்று அப்போதே யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

இங்கே என் மாமியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேச மாட்டார். மரியாதையாம். கல்யாணமாகி ஏழு வருடம், ஒரு வார்த்தை கிடையாது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அவுங்களக் கை கழுவச் சொல்லு" என்று சுவரிடம் சொல்வார். நானும், "போதும்னு சொல்லு" என்று கவிதாவிடம் சொல்வேன். மாமியாரும் மருமகனும் ஒரே கூடத்தில் இருந்துகொண்டு வானொலி நிலையம் நடத்துவது போல இருக்கும்.

வாசலிலேயே மாமனார் என் கையிலிருந்த கூடையை வாங்கி, துணியை விலக்கிப் பார்த்து, முகமெல்லாம் மலர்ந்து கொல்லைப் பக்கம் எடுத்துப் போனார். மச்சான் சரவணன், கவிதாவின் தம்பி, காலேஜ் படிக்கிறவன், செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை. "லேட்டா போனா போட் கெடைக்காது மாமா, கூட்டம் ஜாஸ்தி ஆயிடும்" என்று எங்களை அப்படியே பிச்சாவரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். சேவல் விஷயத்தை அம்மாவிடம் கவிதா சொல்லியிருப்பாள் என்று நான் நினைத்தேன். நான் மாமனாரிடம் சொல்லியிருப்பேன் என்று அவள் நினைத்தாள்.

துடுப்புப் படகு. எல்லோருக்கும் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட். சுரபுன்னைக் காட்டுக்குள் போனதும் தலைக்கு மேல் கிளைகள் கூடிக்கொண்டன, காற்றே குளிர்ந்துவிட்டது. யாழினி முன்னால் உட்கார்ந்து கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரவணன் என் பக்கம் சாய்ந்து பேசினான்.

"சேவல் சூப்பர் மாமா. நல்லா கொழுகொழுன்னு இருக்குது. அம்மா மசாலாவெல்லாம் அரைச்சி ரெடியா வெச்சிட்டாங்க. நாம போறதுக்குள்ள கொழம்பு கொதிச்சிடும்."

செல்போனை எடுத்தேன், டவர் இல்லை. "படகத் திருப்புங்க!" என்று கத்திக்கொண்டு எழுந்தேன்.

"சார், எழுந்திரிக்காதீங்க! ஒக்காருங்க சார்!" என்றார் படகுக்காரர்.

படகு ஒரு பக்கம் சாய்ந்தது. என் கால் வழுக்கியது. கையிலிருந்த செல்போன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தண்ணீரில் விழுந்தோம். நெஞ்சளவுதான் ஆழம், ஆனால் கீழே சேறு. ஒரு செருப்பு இன்றும் பிச்சாவரத்தில்தான் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து என்னைப் படகில் இழுத்துப் போட்டார்கள்.

கரைக்கு வந்ததும் ஓடினேன். கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் தொற்றி ஏறினேன். சிதம்பரம் வரை யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஏன் என்று இறங்கிய பிறகுதான் தெரிந்தது. இடுப்புக்குக் கீழே சேறு, ஒற்றைச் செருப்பு, மேலே ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட். அதைக் கழற்றித் தர மறந்தே போயிருந்தேன். ஆனால் அப்போது எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. யாழினியிடம் என்ன சொல்வேன் என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது. மீனுக்குப் பிறகு ஒருவழியாக என்னை நம்ப ஆரம்பித்திருந்தாள். இனி அவள் என்னைப் பார்க்கப்போகும் அந்தப் பார்வையை நினைத்ததும் நடுத்தெருவில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாசலில் கால் வைத்ததும் குழம்பு வாசனை. எனக்கு உயிரே போய்விட்டது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மாமியார் என்னைக் கண்டார். தனியாக வந்திருக்கிறேன், சொட்டச் சொட்ட நனைந்து, லைஃப் ஜாக்கெட்டோடு, அழுதுகொண்டு.

ஏழு வருட மரியாதை ஒரே நொடியில் பறந்தது. "மாப்ள! என்னா ஆச்சி? படகு கவுந்துடுச்சா? எம் பொண்ணு எங்க? கொழந்த எங்க?"

நான் விம்மலுக்கு நடுவே, "ரோஸி... ரோஸி போயிட்டாளா?" என்றேன்.

"ஐயோ!" என்று மாமியார் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டம்மா ஓடிவந்து ஒரு பாடு அழுதுவிட்டுத்தான் நிதானமாகக் கேட்டார்: "ஆமா, யாரு அந்த ரோஸி?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பார்வையில் இருந்த துக்கம் மெல்ல வேறு மாதிரி மாறுவது எனக்குத் தெரிந்தது. "எல்லாரும் நல்லா இருக்காங்க. பின்னாடி பஸ்ல வராங்க. ரோஸி வந்து... சேவல்" என்றேன்.

அப்போது கொல்லையிலிருந்து ரோஸி கூவியது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். முருங்கை மரத்தடியில், முன்னால் ஒரு கிண்ணம் சோற்றோடு ராஜா போல நின்றிருந்தது. மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார்.

"அறுக்கலாம்னு கால புடிச்சேன். பாத்தா எட்டு நகத்துக்கும் செவப்பு நெயில் பாலீஷு. நெயில் பாலீஷ் போட்ட சேவல யாராவது அறுப்பாங்களா? எம் பேத்தி வேலதான்னு தெரிஞ்சிது. கடையில போயி கறி வாங்கியாரச் சொன்னேன். ஏன் மாப்ள, கூடையக் குடுக்கும்போது இது வளக்கறதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னா?"

நெயில் பாலீஷை நான் கவனித்ததே இல்லை. சேற்றுக் கையோடு ரோஸியைத் தூக்கி அணைத்தேன். அது என் மூக்கில் ஒரு கொத்துக் கொத்தியது. மற்றவர்கள் வந்து சேரும்போது நான் குளித்து, மாமனாரின் வேட்டியில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். யாழினி நேராகக் கொல்லைக்குப் போய் ரோஸியைப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் பேசாமல் என் மடியில் உட்கார்ந்துகொண்டாள். குழந்தைக்கு விஷயமே தெரியாது என்று நாங்கள் நிம்மதியானோம்.

ரோஸி அதற்குப் பிறகும் சில வருடங்கள் எங்களோடு சௌக்கியமாக இருந்தது. மாமியாருக்கு வாய் திறந்தது திறந்ததுதான். "மாப்ள, சேவலுக்குக் கம்பு குடுத்தனுப்பிருக்கேன், நீங்க சாப்டுடாதீங்க" என்று போன் போட்டுக் கிண்டல் செய்யும் அளவுக்கு முன்னேறிவிட்டார். சரவணனைக் கேட்கவே வேண்டாம். குடும்பத்தில் எந்த விருந்தானாலும் கோழிக் குழம்புக் கரண்டியோடு என் இலை முன்னால் நின்று, "மாமா, இவுரு நமக்குத் தெரிஞ்சவரு இல்லியே? ஊத்தலாமா?" என்பான். யாழினி பக்கத்தில் இருந்தால் மட்டும் அந்த ஜோக் கிடையாது.

யாழினி இப்போது காலேஜில் படிக்கிறாள். போன கரிநாளில் சரவணன் அவள் இருப்பதை மறந்து அதையே கேட்டுவிட்டான். கவிதா அவனை முறைத்தாள்.

"எனக்குத் தெரியும் மாமா. நானும் போட்லதான இருந்தேன்" என்றாள் யாழினி, சாப்பிட்டுக்கொண்டே.

"அப்ப ஏண்டி நீ அழுவல?" என்றாள் கவிதா.

"மாமா சொன்ன ஒடனே அப்பா தண்ணியில குதிச்சிட்டாரும்மா. அப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சி, ரோஸிக்கு ஒண்ணும் ஆவாதுன்னு."

சரவணன் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினான். "குதிச்சாரா? அவுரு எங்க குதி..."

"டேய், வாய மூடிக்கிட்டு மாப்ளைக்குக் கொழம்ப ஊத்துடா" என்றார் என் மாமியார்.

அவன் ஊற்றினான். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.